பொன்வண்டு முதுகில் வெள்ளைத் திட்டு

கேள்வி: அண்ணா, எலஹங்கா பக்கம் கருவேல மரத்தில் பொன்வண்டு படம் எடுத்தேன். மிக நெருங்கிப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ், ஃப்ளாஷ், அதன் ஒளியைப் பரப்பக் கடையில் வாங்கிய வெள்ளை மூடி எல்லாம் இருந்தும் முதுகில் பளீரென்று வெள்ளைத் திட்டு. ஃப்ளாஷைக் குறைத்தால் படமே இருண்டுவிடுகிறது.
- கல்லூரி மாணவர், ஹெப்பால், பெங்களூரு

பதில்: தம்பி, அந்தத் திட்டு உங்கள் ஃப்ளாஷின் முகம்தான். வண்டின் முதுகு குவிந்த கண்ணாடி. எதிரே இருப்பதை அப்படியே சிறிதாக்கிக் காட்டும். ஃப்ளாஷைக் குறைத்தால் திட்டோடு சேர்ந்து வண்டும் மங்கும். ஒளியின் அகலத்தைக் கூட்டுங்கள். வண்டு இருக்கும் இடத்திலிருந்து ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. அரை மீட்டர் தள்ளியிருக்கும் கடை மூடி வண்டுக்கு ஒரு பொட்டு. 20 செ.மீ. அகலத் தாள் 10 செ.மீ. பக்கத்தில் நின்றால் தலைக்கு மேல் பந்தல் போட்ட மாதிரி.

அவென்யூ ரோடு ஸ்டேஷனரிக் கடைகளில் டிரேசிங் பேப்பர் வாங்குங்கள். வளைத்து, லென்ஸின் முன்விளிம்பைத் தாண்டி நீளும்படி கட்டுங்கள். ஃப்ளாஷ் முகத்திலேயே ஒட்டிவிடாதீர்கள்; நடுவில் மட்டும் ஒளி குவியும், திட்டு திரும்ப வந்துவிடும். இடையில் ஒரு சாணாவது விடுங்கள். வீட்டிலேயே எவர்சில்வர் ஸ்பூனின் முதுகைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தாள் முழுக்க ஒரே வெண்மையாகத் தெரிந்தால் சரி. கேமராவை மேனுவலில் வைத்து, லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் 1/200 நொடி, ஃப்ளாஷ் பலம் 1/16 என்று தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. பொன்வண்டின் பச்சை சாயம் கிடையாது. ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம். ஒளி அகலமானால் பச்சையும் அகலமாக விரியும். (தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்த எங்கள் தலைமுறை, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இதற்குத்தான்.) ஆனால் சுற்றிலும் வெள்ளையால் மூடிவிடாதீர்கள், மினுமினுப்பே செத்துப்போகும். ஒரு பக்கம் இருட்டு இருக்கட்டும். அசையாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: கவரிங் நகைகளை விற்பனைக்காகப் படமெடுக்கிறேன். போலரைசர் ஃபில்டர் வாங்கினால் பளபளப்பு அடங்குமா?
- வாசகி, சி.வி. ராமன் நகர், பெங்களூரு

பதில்: காசை மிச்சப்படுத்துங்கள், அம்மா. நீர், கண்ணாடி, இலை இவற்றின் மினுக்கத்தைத்தான் அது நன்றாக அடக்கும். வெறும் உலோகப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியிடம் அதன் ஜம்பம் பலிக்காது. மேலே சொன்ன அதே டிரேசிங் பேப்பரை ஜன்னலில் ஒட்டி, நகையை அதன் அருகே வையுங்கள். எடுக்கும்போது கறுப்புச் சட்டையோ புடவையோ கட்டிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு குண்டுமணியிலும் நீங்களே தெரிவீர்கள்.