முயல் ஏன் ‘நைன்’ ஆனது? டச்சு ஒலிகளும் மழலைகளும் – கேள்வி பதில்

நெதர்லாந்தில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்கள் கேட்டவை இவை. குழந்தைகள் ஒலிகளைக் கற்கும் விதத்தைப் பல ஆண்டுகளாகப் படித்துவருபவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். டச்சுச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன்.

ஐந்தோவனிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு 1 வயது 10 மாதம். டேகேரில் டச்சு, வீட்டில் தமிழ். முயலைக் காட்டினால் ‘கோனைன்’ என்று சொல்லாமல் ‘நைன்’ என்கிறாள். வாழைப்பழமான ‘பனான்’ அவளுக்கு வெறும் ‘நான்’. பாதியை விழுங்குகிறாளே, அக்கா?

எந்தப் பாதியை விழுங்குகிறாள் என்று பாருங்கள். போவது ‘கோ’வும் ‘ப’வும். தங்குவது அழுத்தம் விழும் அசை, அதாவது சொல்லில் ஓங்கி ஒலிக்கும் துண்டு. டச்சுச் சொற்களில் பெரும்பாலானவை முதல் அசையில் அழுந்தி அடுத்ததில் தளரும். இந்தத் தாளம் பேச்சு வரும் முன்பே காதில் ஏறிவிடுகிறது. 9 மாதக் குழந்தைகள் ஓடுகிற டச்சுப் பேச்சிலிருந்து அப்படிப்பட்ட சொற்களைப் பிரித்தெடுக்கிறார்கள் என்று 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே தாளமுள்ள ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகளாலும், பழக்கமில்லாத டச்சில், அதைச் செய்ய முடிந்தது.

‘கோனைன்’ இதற்கு நேர் எதிர்: தளர்ந்து தொடங்கி அழுந்தி முடிகிறது. குழந்தையின் அச்சில் முன்னால் தொங்கும் அந்தத் தளர்ந்த அசைக்கு இடமில்லை. டச்சு ஓவியர் டிக் புரூனா 1955-இல் வரைந்த வெள்ளை முயலின் பெயர் ‘நைன்ச்சே’ என்பது உங்களுக்குத் தெரியும். குட்டி முயல் என்று பொருள்படும் ‘கோனைன்ச்சே’யில் மழலைகள் தலையை வெட்டிச் சொல்லும் சொல்தான் அது. உங்கள் மகள் சொல்வதைத்தான் அந்த நாடே பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது!

இனி வரப்போவதையும் சொல்கிறேன். மொழியியலாளர்கள் பவுலா ஃபிக்கெர்ட்டும் கிளாரா லெவெல்ட்டும் 12 டச்சுக் குழந்தைகளின் பேச்சை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஓராண்டு பதிவு செய்தார்கள். ஃபிக்கெர்ட் 1994-இல் லைடனில் எழுதிய ஆய்வேடு அதிலிருந்து பிறந்தது. அது காட்டும் படிகள் இவை: முதலில் அழுந்தும் அசை மட்டும். பிறகு இரண்டு அசையும் வரும், ஆனால் அழுத்தம் முதல் அசைக்குத் தாவிவிடும். பலூனின் ‘ப’ ஓங்கிக் கேட்கும். அதன்பின் இரண்டும் சமமாக அழுந்தும். கடைசியில்தான் பெரியவர்களைப் போல. அழுத்தம் தவறான இடத்தில் விழுவதைக் கேட்டால் மகிழுங்கள், ஒரு படி ஏறியிருக்கிறாள்.

லைடனிலிருந்து ஒரு அப்பா: ‘ட்ரைன்’ என்றால் ரயில். என் பையன் ‘டைன்’ என்கிறான். திருத்த வேண்டுமா?

வேண்டாம். மெய்யும் உயிரும் சேர்ந்த எளிய அசை முதலில் வரும், மெய்யில் முடியும் அசை அடுத்து, இரண்டு மெய் ஒட்டி வருவது அதற்கும் பின்னால். நம் ஊர்ப் பெரியவர்கள் ‘ஸ்கூல்’ முன் ஒரு ‘இ’ சேர்த்து ‘இஸ்கூல்’ ஆக்குவார்கள். டச்சு மழலை சேர்க்காது, ஒரு மெய்யை உதிர்த்துவிடும். இதில் என்னை மிகவும் ஈர்ப்பது ஒன்று உண்டு: சில குழந்தைகளுக்குச் சொல்லின் தொடக்கத்தில் இரட்டை மெய் முதலில் கைகூடும், பலருக்கு இறுதியில். பெற்றோர் பேச்சில் எந்த அசை வகை அதிகமோ அதுவே முந்துகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும் இடத்தில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது.

உட்ரெக்டிலிருந்து ஒரு அம்மா: புத்தகத்தை ‘புக்’ என்கிறாள், ஆனால் ஆங்கில ‘book’-இல் வரும் b ஒலியாக அல்ல, ‘புடவை’யில் வரும் ‘பு’வாக. தமிழ் பேசுவதால் இப்படியா?

டச்சு மட்டுமே கேட்கும் குழந்தைகளும் இதையே செய்கிறார்கள். டச்சில் அந்த b ஒலிக்கு உதடு திறக்கும் முன்பே தொண்டை அதிரத் தொடங்க வேண்டும். சின்ன வாய்க்கு அது கடினமான வேலை. தமிழைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அதே அம்மா: அண்ணனுக்கு 4 வயது. கட்டில் ‘பெட்’, பன்மை ‘பெடன்’. அவன் ‘பெட்டன்’ என்கிறானே?

நம் எழுத்தே இதை விளக்கிவிடும். ‘பட்டம்’ சொல்லும்போது ட் வன்மையாக ஒலிக்கிறது, ‘படம்’ சொல்லும்போது மென்மையாக. டச்சில் சொல்லின் கடைசியில் வன்மையான ட் மட்டுமே ஒலிக்கும். பன்மையில் அடுத்து உயிர் வந்ததும் மென்மை திரும்பிவிடும். ஆனால் ஒருமையைக் கேட்ட குழந்தைக்கு, உள்ளே மென்மை ஒளிந்திருப்பது எப்படித் தெரியும்? கேட்டதை அப்படியே வைத்துப் பன்மை கட்டுகிறான். ஒவ்வொரு சொல்லாகக் கற்க வேண்டியது இது, பள்ளி வயதிலும் இந்தத் தடுமாற்றம் இருக்கும்.

நைமேகனில் தமிழ் வகுப்பு நடத்தும் ஒருவர்: குறில் நெடில் டச்சுக் குழந்தைகளுக்குப் புரியுமா?

ஐயா, இது எனக்கு மிகப் பிடித்த கேள்வி. டச்சில் ‘மன்’ என்றால் ஆண், ‘மான்’ என்றால் நிலா. 2007-இல் வெளியான சோதனை ஒன்றில் 18 மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளின் பெயர்களாக ‘டம்’, ‘டாம்’ என்று கற்றுத் தந்தார்கள். டச்சுக் குழந்தைகள் நீளம் மாறினால் பெயரே மாறுகிறது என்று கொண்டார்கள். ஆங்கிலக் குழந்தைகளுக்கு வேறுபாடு காதில் விழும், ஆனால் பெயரை மாற்றும் வேறுபாடாக அதை எண்ணவில்லை. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் ‘கல்’லையும் ‘கால்’ஐயும் பிரிக்கத் தயாரான காதோடுதான் வருகிறார்கள்.

ஐந்தோவனிலிருந்து ஒரு தாத்தா: பேத்தி இரண்டு வயதாகியும் சொற்களை ஒட்டிப் பேசுவதில்லை. வீட்டிலும் டச்சே பேசச் சொல்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி.

மொழியை மாற்றாதீர்கள் ஐயா. உங்களுக்குச் சரளமாக வரும் தமிழிலேயே கதை சொல்லுங்கள். இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்வதைக் குழந்தை நல மையத்தில் எப்படியும் பார்ப்பார்கள். தமிழில் சேர்த்தாலும் அது கணக்கில் வர வேண்டும், மறக்காமல் சொல்லுங்கள். மொழிக் கோளாறு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும், டச்சில் மட்டும் பின்தங்கியிருந்தால் பெரும்பாலும் கேட்டது போதவில்லை என்றுதான் பொருள். தமிழிலும் ஒட்டவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் காதைச் சோதித்துவிட்டு, லோகொபேடிஸ்ட் என்னும் பேச்சு சிகிச்சையாளரிடம் அழைத்துப் போங்கள். அவள் சொல்லும் தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.