ஏற்காட்டுக் கற்கோடரி

அன்புள்ள ஐயா,

சேலத்தில் இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் வழவழப்பான கற்கோடரி ஒன்று கிடைத்தது. படம் இணைத்திருக்கிறேன். கார்பன் சோதனைக்கு எங்கே அனுப்பலாம்? வரலாற்று ஆய்வாளர்கள் விஞ்ஞானிகளிடம் கடன் வாங்கித்தானே பிழைக்கிறார்கள்? அப்படியானால் வரலாறு அறிவியலா, இல்லையா?

ம.

அன்புள்ள ம.,

கல்லுக்குக் கார்பன் கணிப்பு கிடையாது. ஒருகாலத்தில் உயிரோடிருந்த கரி, நெல், எலும்பு போன்றவற்றுக்குத்தான். இதுகூடத் தெரியாமலா மூன்றாம் ஆண்டு வரை வந்தீர்கள்? வரலாறு அறிவியலா என்பதைப் பட்டிமன்றக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். பொங்கலுக்கு அவர்களுக்கும் தலைப்பு வேண்டும்.

கடன் என்றீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சில நாட்களாக ராபர்ட் புரூஸ் ஃபுட் நினைவாகவே இருக்கிறேன். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டவர். தொழிலால் நிலவியலாளர். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912இல் இறந்த அவருடைய அஸ்தி அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் படகுத்துறைக்குப் போயிருப்பீர்கள். அந்தத் தேவாலயத்துக்குப் போனதுண்டா?

மேலடுக்கு பிந்தியது, கீழடுக்கு முந்தியது என்பது நிலவியல் பாடம். தொல்லியல் வாங்கிய பெரிய கடன் அதுதான். கார்பன் எல்லாம் 1949இல், அந்தக் கணிப்பு முறையைக் கொண்டுவந்த அமெரிக்க வேதியியலாளர் லிப்பி வந்த பிறகு. அந்தக் கார்பனும் மண்ணின் தயவில்தான் பேசுகிறது. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் ஓர் ஈமக்குழியில் ஜாடி நிறைய நெல் கிடைத்தது. கணித்தால் கி.மு. 490 என்று வந்தது. அதே குழியில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானைத்தாங்கியும் இருந்தது. ஆய்வகம் காலம் சொன்னது நெல்லுக்கு. எழுத்துக்குக் காலம் சொன்னது, இரண்டும் ஒரே குழியில் கிடந்தன என்று குறித்துவைத்த குறிப்பேடு. அந்த நெல்லை யாரோ ஆசையாக அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால்? பழைய நெல், அவ்வளவுதான்.

என் பெரியப்பா சேலத்தில் பள்ளி ஆசிரியர். சேர்வராயன் மலையில் பொறுக்கிய கற்கோடரிகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கக் கொடுப்பார். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டால், "மலையில்தான்" என்பார். மலை என்ன, கொல்லைப்புறமா? பண்பான மனிதர், பொல்லாத சேகரிப்பாளர். அவர் போன பிறகு ஒன்று கதவுக்கு முட்டாயிற்று. மற்றவை போன இடம் தெரியவில்லை. பாட்டிலில் மிளகு இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படத்திலும் கல்லை நன்றாகக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துண்டின்மேல் வைத்திருக்கிறீர்கள். ஒட்டியிருந்த மண்ணையும் சாக்கடைக்கு அனுப்பியாயிற்று! எந்தச் சரிவு, எவ்வளவு ஆழம், காப்பிச் செடி நடத் தோண்டிய குழியா, மழை அரித்துக் கொண்டுவந்து போட்டதா, பக்கத்தில் பானை ஓடு உண்டா? கடிதத்தில் ஒரு வரி இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையே மாமாவையும் தோண்டிய ஆளையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். மேலும் தோண்டாதீர்கள். அளந்து, வரைந்து, தேதி போட்டு எழுதிக்கொண்டு, கல்லோடு சேலம் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். துண்டு வேண்டாம்.