தாடை எலும்பில் சீழ்: பெற்றோர் கேள்விகளுக்கு ஒரு வாய் அறுவை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மகனுக்கு 9 வயது. கீழ்த்தாடை வீக்கம் மாத்திரை கொடுத்தால் வடிகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

பதில்: எக்ஸ்ரே எப்போது எடுத்தது? எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் அதில் தெரியும். முதல் பத்துப் பதினான்கு நாள் படம் சுத்தமாகவே இருக்கும். எம்ஆர்ஐ முன்பே காட்டிவிடும்.

வடிந்து வடிந்து திரும்பினால் எனக்கு ஆக்டினோமைசிஸ் சந்தேகம் வரும். வாயில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாதான். சொத்தைப் பல், பல் பிடுங்கிய குழி, அடிபட்ட இடம் என்று வழி கிடைத்தால் உள்ளே இறங்கும். வீக்கம் கட்டையாக இறுகி, தோலில் துளை விழுந்து, சீழில் மஞ்சள் மணிகள் வரலாம். காற்றுப்பட்டால் தாங்காத கிருமி. புண்ணைப் பஞ்சால் துடைத்து அனுப்புவது வீண். எலும்புத் துண்டைக் காற்றுப்புகாத குப்பியில் அனுப்பி, ‘இதைத் தேடுகிறோம், இரண்டு வாரம் வளர்த்துப் பாருங்கள்’ என்று ஆய்வகத்திடம் சொல்ல வேண்டும். குழந்தை நிலையாக இருந்தால், மாதிரி எடுக்கும்வரை ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.

கேள்வி: எத்தனை நாள் மருந்து?

பதில்: நாள் இல்லை, மாதம். வழக்கமாக பெனிசிலின் ஊசி சில வாரம், அப்புறம் மாத்திரை ஆறு முதல் பன்னிரண்டு மாதம். செத்த எலும்பைச் சுரண்டி எடுத்தால் குறையலாம். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இந்தக் கிருமியைத் தொடாது.

கேள்வி: இது பூஞ்சையா? தம்பிக்கு ஒட்டுமா?

பதில்: பெயரில்தான் பூஞ்சை (‘மைசிஸ்’ என்றால் பூஞ்சை); உண்மையில் பாக்டீரியா. ஒட்டாது.

கேள்வி: ஐந்து நாள் அமாக்ஸிசிலின் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: மேலே சொன்னதைப் படியுங்கள். மாதிரிக்கு முன் வேண்டாம்.

கேள்வி: டாக்டர், கல்ச்சரில் (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதில்) எதுவும் வளரவில்லை என்றால் கிருமியே இல்லை; உடலே தன் எலும்பைத் தாக்கும் அழற்சிதானே? எதற்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக்?

பதில்: நல்ல சண்டை, வாருங்கள். அந்த நோய் குழந்தைகளின் தாடையில் வருவது உண்மை. அதற்கு முதலில் வலி, வீக்கம் குறைக்கும் மருந்துதான். ஆனால் முன்பே ஆன்டிபயாட்டிக் குடித்த குழந்தையின் கல்ச்சர் வெறுமையாக இருப்பது எதையும் நிரூபிக்காது.

கேள்வி: அப்படியானால் எந்தக் குழந்தையிலும் நிரூபிக்க முடியாதே?

பதில்: முடியும். திசுவை நுண்ணோக்கியில் பாருங்கள், வேறு எலும்புகளையும் எம்ஆர்ஐ எடுங்கள். பல இடத்தில் இருந்தால் உங்கள் பக்கம் வலுக்கிறது. சீழும் துளையும் இருந்தால் என் பக்கம். யூயிங் என்ற எலும்புப் புற்றுநோயும் இதே வேடம் போடும் என்பதால், திசுப் பரிசோதனையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: அமாக்ஸிசிலின் மூன்று நாள் மட்டும்...

பதில்: வேண்டாம்.

கேள்வி: மகளுக்குத் தாடை வீக்கத்தோடு கீழுதடு மரத்திருக்கிறது.

பதில்: எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இன்றே நேரில் காட்டுங்கள்.