ஆளில்லாத புல்வெளி

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகளுக்கு 13 வயது. அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ்' வரிசையை அவளுக்கு அனுப்பிவைத்தார். எடுத்தவள் கீழே வைக்கவில்லை. நானும் இரண்டு புத்தகம் படித்தேன். யாருமில்லாத புல்வெளிக்கு ஒரு கூண்டு வண்டியில் போய், தங்கள் கையாலேயே வீடு கட்டி, நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்ட ஒரு குடும்பம். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் என் தோழி, செவ்விந்தியர்களை இழிவுபடுத்தும் புத்தகம் அது, பிள்ளை கையில் கொடுக்காதே என்கிறார். வாங்கி வைத்துவிடலாமா? போனை விட்டுவிட்டுப் படிக்கிறாளே என்றும் இருக்கிறது. ஆங்கிலமும் பழைய ஆங்கிலம். என்ன செய்யட்டும்?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

பிடுங்காதீர்கள். பாதி படித்த புத்தகத்தை ஒரு பிள்ளையிடமிருந்து வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது பாவம். ஆங்கிலம் ஒன்றும் பழையதில்லை, தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். போனைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் வேறொரு இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். 'யாருமில்லாத புல்வெளி' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். இரண்டு வரி தள்ளி 'செவ்விந்தியர்கள்' என்கிறீர்கள். அவர்கள் யார், ம.? ஆள் கணக்கில் வரமாட்டார்களா?

உங்களை மட்டும் திட்டிப் பயனில்லை. இந்த வரிசையில் கான்சாஸ் பகுதியில் நடக்கும் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி' புத்தகமே இதே தவறைச் செய்தது. 1935இல் வந்த பதிப்பில், அங்கே மனிதர்கள் யாரும் இல்லை, இந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி முதல் அத்தியாயத்திலேயே உண்டு. எத்தனை பேர் படித்திருப்பார்கள்! 1952இல் ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்டார். பதிப்பாசிரியர் அதிர்ந்துபோனார். 85 வயதில் இருந்த வைல்டரும் தவறு என்று ஒப்புக்கொண்டார். மறு பதிப்பில் 'மனிதர்கள்' என்ற சொல் 'குடியேறிகள்' என்று மாறியது. ஒரு சொல்தான். ஒரு வாசகர் கடிதம் அதைச் செய்தது. இங்கே வரும் கடிதங்களை நான் ஒன்று விடாமல் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'சொந்தமாக்கிக்கொண்ட' என்பதும் சரியில்லை. லிங்கன் 1862இல் கையெழுத்திட்ட சட்டப்படி, 160 ஏக்கரில் 5 வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் உங்களுக்கு. லாராவின் அப்பா அந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தது பிறகு, 1880இல், டகோட்டாவில். உங்கள் மகள் படிக்கும் கான்சாஸ் வீடு அப்படிப்பட்டதில்லை. அது ஓசேஜ் என்ற செவ்விந்திய மக்களின் நிலம். 1869இல் போய் உட்கார்ந்தவர்கள் யாரிடமும் பத்திரம் கிடையாது. 1871இல் லாரா குடும்பத்தார் வண்டி கட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். ஓசேஜ் மக்களும் அங்கே இருக்க முடியவில்லை. 1870இல் வந்த ஒரு சட்டம் அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு நகர்த்திவிட்டது.

போன மாதம் ஊர் வீட்டைக் காலி செய்தபோது பரணில் அப்பாவின் சங்கிலி கிடைத்தது. அப்பா சர்வேயர். 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. பத்தாவது கண்ணியில் ஒரு பல் வைத்த பித்தளைத் தகடு, இருபதாவதில் இரண்டு பல், நடுவில் வட்டத் தகடு. சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எத்தனையாவது கண்ணி என்று சொல்லிவிடுவேன். இதே 66 அடிச் சங்கிலியைக் கொண்டுதான் அமெரிக்கப் புல்வெளியையும் அளந்தார்கள். ஒரு மைலுக்கு 80 சங்கிலி. இந்தப் பக்கம் 40, அந்தப் பக்கம் 40 இழுத்துக் கட்டம் போட்டால் சரியாக 160 ஏக்கர். குடியேறிகள் வருவதற்கு முன்னால் சங்கிலி வந்துவிடும்.

எனக்குப் பத்து வயது இருக்கும். சித்திரை வெயிலில் அப்பா ஒரு பொட்டலை அளக்கப் போனார், நானும் கூடப் போனேன். நடுவில் மூன்று அடுப்புக் கல், கரி படிந்து. பக்கத்தில் காய்ந்த ஆட்டுப் புழுக்கை, குட்டிகளைக் கவிழ்த்து மூடிவைக்கும் கூடை ஒன்று கிழிந்து கிடந்தது. ஆடு மேய்க்கும் கீதாரிகள் இருந்த இடம். அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் வயல்களில் கிடை போடப் போய்விடுவார்கள், மழைக்காலத்தை ஒட்டித் திரும்புவார்கள். அப்பாவுக்கு அது தெரியும். ஆனாலும் சங்கிலியை அந்தக் கற்களுக்கு மேலேயே இழுத்தார். நோட்டில் 'தரிசு' என்று எழுதினார். "ஆள் இருக்காங்களேப்பா" என்றேன். "அதை எழுத இதில் கட்டம் இல்லைம்மா" என்றார். நல்ல மனிதர் என் அப்பா, யாரிடமும் ஒரு காபி வாங்கிக் குடித்ததில்லை. அடுத்த வருடம் அங்கே முள்வேலி வந்துவிட்டது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓசேஜ் மக்களும் வருடத்துக்கு இரண்டு முறை எருமை வேட்டைக்கு மேற்கே போய்விடுவார்கள். சோளம் விதைத்துவிட்டுப் போவார்கள், அறுக்கத் திரும்பி வருவார்கள். அந்த இடைவெளியில் வந்து பார்ப்பவன் கண்ணுக்கு ஊர் காலி. யாருமில்லை என்று சொல்லுமுன், எந்த மாதத்தில் போய்ப் பார்த்தாய் என்று கேட்க வேண்டாமா? இது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

அப்புறம், உங்கள் தோழி சொல்வதில் நியாயம் உண்டு. 2018இல் அமெரிக்க நூலகர்கள் தங்கள் விருதிலிருந்து வைல்டரின் பெயரையே எடுத்துவிட்டார்கள். ஆனால் விருதின் பெயரை மாற்றுவது வேறு, பிள்ளை கையிலிருப்பதைப் பிடுங்குவது வேறு. 1880 குளிர்காலத்தைப் பற்றிய புத்தகத்தில், பனியில் ரயில் நின்றுபோய், மாவு தீர்ந்து, காபிக்கொட்டை அரைக்கும் சின்ன மில்லில் வீட்டில் எல்லோரும் முறை போட்டுக் கோதுமை அரைப்பார்கள். விறகு இல்லாமல் காய்ந்த புல்லைக் கயிறாக முறுக்கி அடுப்பில் போடுவார்கள், கை கீறிப்போகும். அதைப் படித்த இரவு எனக்குத் தோசை தொண்டையில் இறங்கவில்லை. அந்த உழைப்பும் உண்மை, அந்தப் பசியும் உண்மை. அதை உங்கள் மகளுக்கு ஏன் மறுக்க வேண்டும்?

கூடவே இரண்டு புத்தகம் வாங்கிக் கொடுங்கள். லூயிஸ் எர்ட்ரிக் எழுதிய 'பெர்ச்பார்க் ஹவுஸ்', 1847இல் ஒஜிப்வே என்ற செவ்விந்திய இனத்துச் சிறுமி ஒருத்தியின் வீடு. லிண்டா சூ பார்க் எழுதிய 'ப்ரேரி லோட்டஸ்', அதே டகோட்டாவில் பாதிச் சீனப் பெண் ஒருத்தி. மூன்றையும் சேர்த்துப் படிக்கட்டும்.

கான்சாஸ் புத்தகத்தில் இந்தியர்கள் காலி செய்த முகாமுக்கு அப்பா பிள்ளைகளைக் கூட்டிப் போகும் அத்தியாயம் ஒன்று உண்டு. சாம்பல் கிடக்கும், கூடாரக் கம்பு நட்ட குழிகள் இருக்கும். புழுதியில் பாசிமணிகள் மின்னும், லாராவும் மேரியும் பொறுக்கிச் சேர்ப்பார்கள். மகள் அந்த இடத்துக்கு வரும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். மணிக்குச் சொந்தக்காரர்கள் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள் என்று அவளிடம் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா