அனுப்பிய மடல் உள்ளேயே கிடக்கிறதே?

கேள்வி: விண்டோஸ் கணினியில் லினக்ஸ் பாணி நிரல்களை ஓட்ட உதவும் சிக்வின் போட்டு, அதில் மெயில்மேன் 2.1 என்ற மென்பொருளை நிறுவி மடற்குழு நடத்துகிறேன். குழுவின் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது, ஆனால் அனுப்பும் மடல் யாருக்கும் போய்ச் சேரவில்லை. என்ன செய்ய?

பதில்: முதலில் மெயில்மேன் மடல்களை வரிசையில் வைக்கும் கியூஃபைல்ஸ் அடைவுக்குள் இருக்கும் 'இன்' அடைவைப் பாருங்கள். அங்கே கோப்புகள் குவிந்து கிடந்தால் மடல் வந்து சேர்ந்துவிட்டது, அதை எடுத்து அனுப்ப வேண்டிய கியூரன்னர் என்ற நிரல்தான் ஓடவில்லை என்று அர்த்தம். கணினி திடீரென்று அணைந்துபோனால் மெயில்மேன் ஏற்கெனவே ஓடுகிறது என்று காட்டும் பழைய பூட்டுக் கோப்பு அப்படியே தங்கிவிடும், 'மெயில்மேன்சிடிஎல்' கட்டளையை 'மைனஸ் எஸ்' சேர்த்துத் தொடங்கிப் பாருங்கள். அந்தப் பூட்டுகள் ஹார்டு லிங்க்கை (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) நம்பியவை, அதனால் மெயில்மேனை என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை உள்ள வட்டில்தான் வைக்க வேண்டும், ஃபேட் 32-இல் ஹார்டு லிங்க்கே கிடையாது.

'இன்' காலியாக இருக்கிறதா? அப்படியானால் மடல் சேவையகத்தின் பதிவேட்டில் 'குரூப் மிஸ்மேட்ச்' (பயனர் குழு பொருந்தவில்லை) என்ற வரியைத் தேடுங்கள். லினக்ஸில் மெயில்மேன், நிரலைக் கோப்பின் குழுவில் ஓடவிடும் செட்ஜிஐடி அனுமதியை வைத்துத்தான் பயனர் குழு மாறும், சிக்வின் அதை மதிப்பதில்லை. மடல் சேவையகம் எந்தப் பயனர் குழுவில் ஓடுகிறதோ அதையே 'வித் மெயில் ஜிஐடி' தேர்வில் கொடுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

புதிய நிரலைத் தொடங்க முடியாத 'ஃபோர்க்' பிழை வந்தால், சிக்வின் நிரல்கள் அத்தனையும் மூடிவிட்டு, அதன் நூலகக் கோப்புகளின் நினைவக இடத்தைச் சரிசெய்யும் 'ரீபேஸ்ஆல்' கட்டளையை ஓட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மெயில்மேன் 2.1-க்கு வேண்டிய பைத்தான் 2 நிரல்மொழியின் ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. உறுப்பினர்களின் முகவரிகள் உங்களை நம்பி இருக்கின்றன, சீக்கிரம் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-இல் மெயில்மேன் 3-க்கு மாறிவிடுங்கள்.