குமிழியும் காந்தமும்: கேட்டவற்றுக்கு என் பதில்கள்

கேள்வி: உருக்கைத் தொடர்வார்ப்பு செய்யும்போது (உருகிய உருக்கை அச்சில் இடைவிடாமல் ஊற்றி உறையவைக்கும்போது) ஆர்கான் வாயுவையும் செலுத்தி, காந்தத்தையும் ஏன் வைக்கிறார்கள்?

அச்சுக்குள் உருக்கு இறங்கும் குழாயில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படிந்து அடைத்துக்கொள்ளும், அதைத் தடுக்கத்தான் ஆர்கான். ஆனால் அந்தக் குமிழிகள் பாய்ச்சலோடு ஆழத்துக்குப் போனால் மேலே வர முடியாமல் உறைகிற உருக்கில் சிக்கி, பிறகு தகட்டில் கொப்புளமாக எழும்பும். காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஓடும் உலோகத்தில் மின்னோட்டம் தூண்டப்படும், அதுவும் புலமும் சேர்ந்து ஓட்டத்தை எதிர்த்துத் தள்ளும். குமிழிக்குள் மின்னோட்டம் ஓடாது என்பதால் காந்தம் குமிழியைப் பிடிப்பதில்லை, அதைச் சுற்றியுள்ள உலோகத்தைத்தான் பிடிக்கிறது.

கேள்வி: போர் தண்ணீர்க் குழாயில் காந்தம் கட்டினால் காற்றுக் குமிழி குறையுமா?

குறையாது. போர் தண்ணீரைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் கடல்நீரின் மின்கடத்துதிறனே மீட்டருக்கு சுமார் 5 சீமென்ஸ்தான், ஆய்வகங்களில் உருகிய உருக்குக்குப் பதிலாக வைத்துப் பார்க்கும் காலியம்-இண்டியம்-வெள்ளீய உலோகக் கலவைக்கோ 30 லட்சத்துக்கு மேல். 0.3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்தில் 5 மில்லிமீட்டர் குமிழியைக் கணக்குப் போட்டால், அந்த உலோகக் கலவையில் காந்த விசை ஓட்டத்தின் உந்துதலுக்குச் சமமாக நிற்கும், கடல்நீரில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கஷ்டம்.

கேள்வி: மீன் தொட்டியில், உப்புத் தண்ணீர் என்றால்?

மேலே பார்க்கவும்.

கேள்வி: அந்தக் கலவையை வைத்து வீட்டில் செய்து பார்க்கலாமா?

10 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்திலேயே உருகிவிடும், பாதரசம் மாதிரி ஆவி பயமும் இல்லை. ஆனால் அலுமினியத்தின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், காலியம் உள்ளே ஊடுருவி அலுமினியத்தை நொறுங்க வைத்துவிடும். இன்னொன்று, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆய்வகங்களில் மீயொலியை (காதுக்குக் கேட்காத ஒலியை) அனுப்பித்தான் அளக்கிறார்கள்.

கேள்வி: உருகிய சோடியம் ஓடும் குழாயில் வைக்கும் காந்த ஓட்டமானி (காந்தத்தால் ஓட்டத்தை அளக்கும் கருவி) குமிழி வந்தால் தப்பாகக் காட்டுமா?

காட்டும். அது அளப்பது திரவத்தின் வேகத்தை. குழாய் முழுக்கச் சோடியம் என்று நம்பிக் கணக்குப் போடுவதால், குமிழி பிடித்துக்கொண்ட இடத்தையும் சோடியமாகச் சேர்த்துக் கூடுதலாகச் சொல்லும்.

கேள்வி: எப்படியும் காந்தம் பிரேக்தானே, குமிழி மெதுவாகத்தான் ஏறும்?

இதை நாலு பேர் கேட்டுவிட்டீர்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். சின்னக் குமிழி மெதுவாகும், சரி. பெரிய குமிழி வளைந்து வளைந்து ஏறும், காரணம் அதன் பின்னால் மாறி மாறிக் கழலும் சுழல்கள். புலத்தை மேல்கீழாக வைத்தால் அந்தச் சுழல்கள் அடங்கி, பாதை நேராகி, குமிழி முன்னைவிட வேகமாகவே ஏறலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வகத்தில் ஆர்கான் குமிழிகளை வைத்து இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி (அவரேதான்): அது மேல்கீழ்ப் புலம். வார்ப்பில் குறுக்குப் புலம், அங்கே பிரேக் பிரேக்தான்.

அங்கேயும் இல்லை ஐயா! மின்னோட்டம் எந்த வழியாகச் சுற்றி வந்து முடிகிறது என்று பாருங்கள். அதே டிரெஸ்டனில், வார்ப்பு அச்சின் மாதிரியில் மின்கடத்தாச் சுவர் இருந்தபோது புலம் போட்டால் பாய்ச்சலின் ஊசலாட்டம் கூடியது, சுவரில் மின்கடத்தும் தகடு வைத்ததும்தான் அடங்கியது. காந்தம் அதேதான், சுவர் மட்டும் மாறியது.

கேள்வி: வீட்டுச் சோதனைக்குப் பழைய ஸ்பீக்கர் காந்தம் போதுமா? பாத்திரம் வீட்டிலேயே இருக்கிறது.

எந்தப் பாத்திரம் என்று முதலில் சொல்லுங்கள். அலுமினியம் என்றால் வேண்டாம்.