டபுள் கிளிக், பின்னால் ஓடும் வீல், விட்டு விட்டு வேலை செய்யும் ஒயர்: மவுஸ் கேள்வி-பதில்

மவுஸ் பற்றிச் சேர்ந்துபோன கேள்விகளை மொத்தமாக இங்கே எடுத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மவுஸில் சிப் போவது அபூர்வம். விரல் அழுத்துகிற இடம், சுற்றுகிற இடம், ஒயர் வளைகிற இடம், அழுக்குப் போய் உட்காருகிற இடம், பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கோளாறு மவுஸில் இல்லை. வாரண்டி மிச்சம் இருந்தாலும் திறக்க வேண்டாம், கடைக்கே கொண்டு போங்கள்.

கேள்வி: சார், ஒரு தடவை கிளிக் செய்தால் இரண்டு தடவை விழுகிறது. ஃபைலை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் நழுவிவிடுகிறது. விண்டோஸில் டபுள் கிளிக் வேகத்தை மாற்றியும் பிரயோஜனமில்லை.

பதில்: அந்த செட்டிங்கை மாற்றி இது தீராது, அது இரண்டு கிளிக்குக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று மட்டும்தான் சொல்கிறது. உங்கள் பிரச்சினை இடது பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ ஸ்விட்சில். செட்டிங்கில் இடது வலது பட்டனை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே இடது பக்க பட்டனை அழுத்தும்போதுதான் இரட்டிப்பாக விழுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

அந்த ஸ்விட்ச் சுமார் 13 மில்லிமீட்டர் நீளமுள்ள கறுப்பு டப்பா. உள்ளே மெல்லிய செம்புக் கலவைத் தகடு ஒன்று விறைப்பாக வளைந்து நிற்கும். பட்டனை அழுத்தினால் அதன் நுனி 'டிக்' என்று கீழே விழுந்து ஒரு சின்னக் குமிழைத் தொடும், விட்டால் மேலே துள்ளிவிடும். கீழே விழும்போது நுனி ஒரே அடியாக ஒட்டிக்கொள்வதில்லை, நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இரண்டு மூன்று முறை குதித்துத்தான் அமரும். மவுஸுக்குள் இருக்கும் மென்பொருள் அந்தச் சில மில்லி விநாடிக் குதியலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தகடு தளர்ந்தாலோ தொடும் இடத்தில் களிம்பு ஏறினாலோ குதியல் நீண்டுபோகும், அப்போது அது புதுக் கிளிக்காகக் கணக்கில் வந்துவிடும். இழுக்கும்போது நழுவுவதும் இதே கதைதான், தொடர்பு ஒரு கணம் விட்டுப்போகிறது. இப்போதைய மவுஸ்களில் ஸ்விட்ச் வழியாக ஓடும் மின்சாரம் ரொம்பக் குறைவு, மெல்லிசாகக் களிம்பு படிந்தாலும் அதைத் துளைத்துக்கொண்டு போக அதற்குத் தெம்பு கிடையாது. கடலோர ஊர்களில் ஈரக்காற்று வேறு சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: அதே டபுள் கிளிக் தொல்லைதான் எனக்கும். ஸ்விட்சையே மாற்ற வேண்டுமா, சரிசெய்ய முடியாதா?

பதில்: மூன்று வழி இருக்கிறது.

எளியது, கான்டாக்ட் கிளீனர், அதாவது மின்சாரம் தொடும் இடங்களைச் சுத்தம் செய்யும் திரவம். மவுஸைத் திறந்து, ஸ்விட்சின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் சின்ன பட்டனின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, ஐம்பது அறுபது தடவை வேகமாக அழுத்துங்கள். காயவிட்டுப் பாருங்கள். பல நேரம் சரியாகிவிடும், ஆனால் சில வாரமோ சில மாதமோ கழித்துத் திரும்ப வரும். கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம், அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும்.

இரண்டாவது, ஸ்விட்சைத் திறந்து தகட்டுக்கு மறுபடி விறைப்பு ஏற்றுவது. இதற்கு நல்ல வெளிச்சம், டுவீசர், அடியில் ஒரு வெள்ளைத்துணி வேண்டும். மெல்லிய பிளேடு நுனியால் மூடியின் ஓரக் கொக்கியை நெம்பினால் மூடி வரும், கூடவே அரிசி மணியைவிடச் சின்ன பட்டன் ஒன்று துள்ளி விழும், துணி அதற்காகத்தான். தகட்டின் நடுவில் நாக்குப் போல ஒரு வளைந்த பகுதி இருக்கும். தகட்டைக் கழற்றி அந்த நாக்கின் வளைவைக் கொஞ்சமே கொஞ்சம் கூட்டி, தொடும் நுனியை ஆல்கஹால் நனைத்த பேப்பரால் ஒரு தடவை தேய்த்துவிட்டு, பழையபடி ஒரு பக்கத்தைத் தூணில் மாட்டி நாக்கின் முனையைப் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். எழுத இரண்டு வரி, செய்ய முக்கால் மணி நேரம். தகடு ஒரு தரம் மடங்கிவிட்டால் கதை முடிந்தது. பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

மூன்றாவதுதான் என் கட்சி: ஸ்விட்சை மாற்றிவிடுங்கள். சால்டரிங் பிடிக்கத் தெரிந்தால் இருபது நிமிட வேலை. பழைய ஸ்விட்சின் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பல மவுஸ்களில் ஓம்ரானின் டி2எஃப்சி வரிசைதான் இருக்கும், அதே அளவில் கைல், ஹுவானோ, டிடிசி எல்லாம் வருகிறது. மூன்று காலுக்குமான இடைவெளி இவற்றில் ஒன்றுதான், அதனால் மாற்றிப் போடலாம். அழுத்தும் கனமும் சத்தமும் மட்டும் மாறும், அதனால் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. விலை சில பத்து ரூபாய்தான். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, மற்றவர்கள் ஆன்லைனில் பத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் தேவைப்படும்.

புதுசு கைக்கு வரும்வரை ஒரு தந்திரம்: வலது பட்டனின் ஸ்விட்சும் பெரும்பாலும் அதே ரகம்தான், அது அவ்வளவாக அடிபட்டிருக்காது. இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் போடுங்கள். வலது கிளிக் இரட்டிப்பாக விழுந்தால் அவ்வளவு தொந்தரவு தெரியாது.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. மூன்று காலும் ஒரே நேரத்தில் உருக வேண்டும், உருகாமல் பிடித்து இழுத்தால் போர்டில் இருக்கும் செம்பு வளையம் பிய்ந்து வந்துவிடும். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயத்தை உருக்கி விட்டு, அப்புறம் ஈயம் உறிஞ்சும் பம்பால் உறிஞ்சினால் சுலபமாக வரும்.

கேள்வி: மவுஸை எப்படித் திறப்பது? ஸ்க்ரூவே கண்ணில் படவில்லை.

பதில்: அடியில் வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் கறுப்போ வெள்ளையோ பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். இல்லாவிட்டால் சீரியல் நம்பர் ஸ்டிக்கருக்குக் கீழே, விரலால் அழுத்தித் தடவினால் பள்ளம் தட்டுப்படும். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டிவிட்டு உரித்தால் பட்டை மடங்காது, திரும்ப ஒட்டவும் செய்யும். பேட்டரி வைக்கும் குழிக்குள்ளும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூ எல்லாம் எடுத்த பிறகும் திறக்கவில்லை என்றால் இன்னொன்று பாக்கி இருக்கிறது என்று அர்த்தம், பலம் காட்டாதீர்கள். மேல் மூடியையும் கீழ்ப் போர்டையும் இணைக்கும் பட்டை ஒயர் சில மாடல்களில் உண்டு, வெடுக்கென்று பிரித்தால் அது கிழியும்.

கேள்வி: வீலைக் கீழே உருட்டினால் பக்கம் மேலே போகிறது, இல்லாவிட்டால் நடுங்குகிறது. எண்ணெய் விடலாமா?

பதில்: விடாதீர்கள். வீலின் அச்சு போய்ச் செருகியிருக்கும் சின்னச் சதுரப் பெட்டிக்கு என்கோடர் என்று பெயர். மெக்கானிக்கல் வகையில் உள்ளே ஒரு வட்டத் தடமும் அதன் மேல் உரசும் உலோகக் கம்பிகளும் இருக்கும். வீல் சுற்றும்போது இரண்டு சிக்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எது முந்தி வருகிறது என்பதை வைத்துத்தான் மேலா கீழா என்று மவுஸ் முடிவு செய்கிறது. உள்ளே கிரீஸ் கெட்டிப்பட்டு அழுக்கோடு சேர்ந்தால் ஒரு சிக்னல் தவறும், வரிசை புரண்டுபோகும், அதனால்தான் பக்கம் எதிர்த் திசையில் ஓடுகிறது.

வீலைக் கழற்றிவிட்டு என்கோடரின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனரோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ சில சொட்டு விட்டு, ஆறுமூலை ஓட்டையில் பொருந்துகிற சின்ன எல் சாவியைச் செருகி இரண்டு பக்கமும் நிறையச் சுற்றுங்கள். வீலிலும் அச்சிலும் சுற்றியிருக்கும் முடியை எடுத்துவிடுங்கள், ஒரு உருண்டையே கிடைக்கும். இதற்கும் அடங்கவில்லை என்றால் என்கோடரை மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது உயரத்தை அளந்து வாங்குங்கள், 7, 9, 11 மில்லிமீட்டர் என்று வருகிறது, மாறிப்போனால் வீல் தட்டும் அல்லது தொங்கும். உங்கள் மவுஸில் பெட்டி இல்லாமல் பல் வைத்த சக்கரமும் இரண்டு பக்கமும் குட்டி விளக்கு போன்ற பொருட்களும் இருந்தால் அது ஆப்டிகல் வகை, அங்கே தூசியைத் துடைத்தாலே பெரும்பாலும் போதும்.

கேள்வி: ஒயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் வேலை செய்கிறது.

பதில்: மவுஸுக்குள் ஒயர் நுழையும் அந்த ஒன்றிரண்டு அங்குலத்தில் உள்கம்பி அறுந்திருக்கிறது. ஒயர் வளைந்து வளைந்து சாவது அங்கேதான். திறந்தால் ஒயர் ஒரு வெள்ளைக் கனெக்டரில் முடிவதைப் பார்ப்பீர்கள். மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து, யூஎஸ்பி முனையின் ஒவ்வொரு தகட்டிலிருந்தும் கனெக்டர் கால்வரை தொட்டுப் பாருங்கள், தொட்டபடியே ஒயரை அசையுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் அந்தக் கம்பிதான்.

ஒயரில் அறுந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, கனெக்டரோடு வரும் கம்பித் துண்டுகளில் நல்ல பக்கத்தைச் சேர்த்துப் பற்றவையுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் டேட்டா என்பது முறை, ஆனால் மவுஸ் ஒயர்களில் நீலமும் மஞ்சளும் ஆரஞ்சும் இஷ்டத்துக்கு வரும். யூஎஸ்பி முனையில் ஓரத்து இரண்டும் மின்சாரம், நடு இரண்டும் டேட்டா, அதை வைத்து மல்டிமீட்டரால் கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்கள். 5 வோல்ட்டும் கிரவுண்டும் மாறினால் அப்போது உண்மையாகவே சிப் போகும். இன்னொன்று, இந்த மெல்லிய கம்பிகளுக்குள் நைலான் நூல் கலந்திருக்கும், ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடுவது அதனால்தான். நூலைச் சூட்டில் பொசுக்கிவிட்டு, ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தொட்டு முதலில் கம்பி நுனிக்கு ஈயம் பூசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் மாட்டுங்கள், இன்சுலேஷன் டேப் சில மாதத்தில் பிசுபிசுத்து வழுகிவிடும். ஒயர் வெளியே வரும் இடத்தில் இருந்த ரப்பர்க் கழுத்தை அப்படியே பழைய இடத்தில் உட்கார வைக்க மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் இழுவை முழுவதும் உங்கள் ஈயத்தில் விழும்.

கேள்வி: அடியில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் அம்புக்குறி நடுங்குகிறது, சில நேரம் மூலைக்கு ஓடிவிடுகிறது.

பதில்: திருப்பிப் போட்டு ஓட்டையைப் பாருங்கள், ஒரு முடி இருக்கும். மவுஸ் நொடிக்கு ஆயிரக்கணக்கில் மேஜையைப் படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு அசைவைக் கணக்கிடுகிறது, லென்ஸுக்கு முன்னால் முடி ஆடினால் அதையும் அசைவாக எடுத்துக்கொள்ளும். பட்ஸால் துடையுங்கள். கண்ணாடி மேஜையும் பளபளக்கும் சன்மைக்காவும் கூடக் காரணமாக இருக்கலாம், ஒரு வெள்ளைத்தாளை வைத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். விளக்கே எரியவில்லை என்று எழுதியவருக்கு: உங்களுடையது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வகையாக இருக்கலாம், போன் கேமராவில் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கேள்வி: வயர்லெஸ் மவுஸ். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் செருகினால் மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது. மவுஸ் போய்விட்டதா?

பதில்: மவுஸ் நன்றாக இருக்கிறது. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதன் ஒயரும் முனையும் கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் விழுகிறது, உங்கள் மவுஸ் பேசுவதும் அங்கேதான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கையாகப் போட்டிருக்கிறது. மவுஸோடு வந்த ரிசீவரை, அதாவது கம்ப்யூட்டரில் செருகும் குட்டித் துண்டை, ஹார்ட் டிஸ்க் இல்லாத பக்கத்தில், முடிந்தால் யூஎஸ்பி 2.0 துளையில் செருகுங்கள். இல்லாவிட்டால் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி ரிசீவரை மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

கேள்வி: ரிசீவர் தொலைந்துவிட்டது, தனியாகக் கிடைக்குமா?

பதில்: மாடலைப் பொறுத்தது. லாஜிடெக்கில் யூனிஃபையிங், போல்ட் வகை மவுஸ்களுக்கு அதே வகை ரிசீவர் வாங்கி அவர்களுடைய மென்பொருளில் இணைத்துக்கொள்ளலாம். மலிவு மவுஸ்களில் ஒரு ரிசீவர் ஒரு மவுஸோடு பிறந்தது, அது போனால் இதுவும் போனது. ஸ்விட்சைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேட்டரி கசிந்து ஸ்பிரிங் பச்சையாகிவிட்டது.

பதில்: அல்கலைன் பேட்டரி என்றால் கசிந்தது காரம், அதனால் பட்ஸில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் தடவுங்கள், நுரைத்து அடங்கும். பிறகு ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சாதாரண மலிவு பேட்டரியின் கசிவு அமிலப் பக்கம், அதற்கு வினிகர் வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும். எதுவானாலும் வெறும் கையால் தொட்டுக் கண்ணைக் கசக்காதீர்கள். பச்சை போன பின்னும் ஓடவில்லை என்றால் ஸ்பிரிங்கின் நுனியை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயே சார்ஜ் ஆகும் மவுஸ் உப்பியிருந்தால் அது வேறு விஷயம்: குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள்.

கேள்வி: பக்கவாட்டு ரப்பர் பிசுபிசு என்று ஒட்டுகிறது.

பதில்: வியர்வையும் வெயிலும் சேர்ந்து மேல்பூச்சு சிதைந்துவிட்டது. ஆல்கஹால் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் பூச்சு மொத்தமும் கறுப்பாக வந்துவிடும், அடியில் வெறும் பிளாஸ்டிக் மிஞ்சும். பார்க்கச் சுமாராக இருக்கும், கையில் ஒட்டாது.

கேள்வி: மவுஸுக்குள் எறும்பு குடி வந்துவிட்டது. மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், அந்த ஸ்பிரே லென்ஸை மங்கலாக்கும், ஸ்விட்சுக்குள்ளும் இறங்கும். ஒயரைப் பிடுங்குங்கள் அல்லது பேட்டரியை எடுங்கள், திறந்து வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள், பிரஷ்ஷால் கூட்டுங்கள். முட்டைகள் வீலுக்கு அடியில் இருக்கும், அங்கேயும் பாருங்கள். அப்புறம் அவை எதற்காக வந்தன என்று தேடுங்கள், காபியோ ஜூஸோ சிந்திய கறை போர்டில் காய்ந்திருக்கும். அதை ஆல்கஹாலால் துடைக்காமல் மூடினால் அடுத்த வாரமே திரும்ப வரிசை கட்டும்.